ஜாயினிங் மெடிக்கலில் டிரக் டெஸ்ட்: மருந்து சாப்பிடுகிறவர்கள் கவனத்துக்கு

கப்பல் வேலைக்குப் போகிற நண்பர்களும், வீட்டில் யாராவது கப்பலில் இருப்பவர்களும் இதைப் படித்துவிடுங்கள். எனக்கு நடந்தது இன்னொருவருக்கு நடக்கக் கூடாது.

நான் மூன்றாம் எஞ்சினியர். கான்ட்ராக்ட் முடிவாகி, டிக்கெட் வரவேண்டிய நேரம். சென்னையில் கம்பெனி சொன்ன கிளினிக்குக்கு, கப்பல் ஏறுவதற்கு முன் செய்யும் உடல் பரிசோதனையான ஜாயினிங் மெடிக்கலுக்குப் போனேன். விடாத வறட்டு இருமலுக்கு டாக்டர் எழுதிக்கொடுத்த கோடீன் கலந்த சிரப்பை அப்போது குடித்துக்கொண்டிருந்தேன். சிறுநீர் கொடுப்பதற்கு முன்பே சீட்டையும் பாட்டிலையும் கவுன்ட்டரில் காட்டினேன். "அதெல்லாம் டாக்டர்கிட்ட சொல்லிக்கோங்க சார்" என்றார்கள். அந்த டாக்டர் சீட்டைக் கையில் வாங்கக்கூட இல்லை.

போதைப்பொருள் பரிசோதனை என்பது ஒரு சின்ன பிளாஸ்டிக் கார்டு, அவ்வளவுதான். அதில் ஒவ்வொரு வகைப் போதைப்பொருளுக்கும் ஒரு பட்டை. ஒவ்வொரு பட்டையிலும் இரண்டு கோடு வந்தால் நெகட்டிவ்; கீழ்க்கோடு வராவிட்டால் பாசிட்டிவ். என் கார்டில், ஓபியேட் எனப்படும் அபின் வகையைக் காட்டும் 'எம்ஓபி' (மார்ஃபின்) பட்டையில் மேல்கோடு மட்டும் நின்றது. லேப் பையன் அதைச் செல்போனில் படம் எடுத்தான். நான் வெளியே வந்து ஷூ மாட்டுவதற்குள் ஏஜென்ட்டிடமிருந்து போன்: "என்ன தம்பி, ஓபியேட் பாசிட்டிவ்னு வந்திருக்கு?"

கோடீனில் ஒரு பகுதியை நம் கல்லீரலே மார்ஃபினாக மாற்றுகிறது. அது சிரப்பிலிருந்து வந்ததா, ஹெராயினிலிருந்து வந்ததா என்று கார்டுக்குத் தெரியாது. ஜிசி-எம்எஸ் என்ற உறுதிப்படுத்தும் சோதனைதான் பிரித்துச் சொல்லும். போதாக்குறைக்கு அந்தக் கார்டின் வரம்பு, அதாவது எந்த அளவை எட்டினால் பாசிட்டிவ் என்பது, ஒரு மில்லிலிட்டர் சிறுநீருக்கு 300 நானோகிராம். அமெரிக்க அரசுச் சோதனைகளிலும் முன்பு இதே 300தான். மருந்து சாப்பிட்டவர்களும் கசகசா சாப்பிட்டவர்களும் மாட்டுகிறார்கள் என்று 1998-ல் அதை 2000 ஆக்கினார்கள். ஆமாம், நம் வீட்டுக் குருமாவில் அரைத்து ஊற்றுகிற அதே கசகசா; அது அபின் செடியின் விதை.

அமெரிக்காவில் லாரி, விமானம், கப்பல் ஊழியர்களுக்கு லேப் உறுதிப்படுத்திய பாசிட்டிவ்கூட நேராக முதலாளிக்குப் போகாது. ஒரு மருத்துவ அதிகாரி முதலில் ஊழியரைக் கூப்பிட்டு என்ன மருந்து சாப்பிட்டாய் என்று கேட்க வேண்டும். சிறுநீரையும் இரண்டு பாட்டிலாகப் பிரித்து வைக்கிறார்கள். முடிவைச் சொன்ன 72 மணி நேரத்துக்குள் கேட்டால் இரண்டாவது பாட்டில் வேறு லேபுக்குப் போகும்.

நான் இங்கே ஜிசி-எம்எஸ் கேட்டதற்கு, சாம்பிளைக் கொட்டிவிட்டோம் என்றார்கள். பணம் கட்டினால் நாளைக்கு இன்னொரு கார்டு போடலாமாம். மறுநாளும் அதே சிரப் உடம்பில் இருக்கும், அதே கார்டு அதையேதான் காட்டும். இதற்குக் காசு கேட்கிறார்கள் என்றால் வயிறு எரிகிறது. கம்பெனி வேறு ஆளை ஏற்றிவிட்டது. என் பெயருக்கு நேரே 'பாசிட்டிவ்' மட்டும் நிற்கிறது.

கோடீனோடு இது முடிவதில்லை. லீவோஃப்ளாக்சசின், காசநோய்க்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசின் இரண்டும் சில முதல்கட்டச் சோதனைகளில் ஓபியேட் என்று காட்டியிருக்கின்றன. மூக்கடைப்பு மாத்திரையில் இருக்கும் சூடோஎஃபெட்ரின், ஆம்பெட்டமைன் என்ற ஊக்கப் போதைப்பொருளாகத் தெரியலாம். மன அழுத்தத்துக்குச் சாப்பிடும் செர்ட்ரலின், பென்சோடயாசிபைன் என்ற தூக்க மருந்து வகையாக வரலாம்.

அதனால் மருந்துப் பெயர்களை வாயால் சொல்லி விட்டுவிடாதீர்கள். படிவத்திலேயே எழுதி, முத்திரை வாங்கி, நகலைப் போட்டோ எடுத்து வையுங்கள். முதல் கார்டில் பாசிட்டிவ் என்றால் சாம்பிளைக் கொட்டாமல் உறுதிப்படுத்தும் சோதனைக்கு அனுப்பச் சொல்லி அங்கேயே எழுதிக் கொடுங்கள். அப்புறம், கோடீன் நம் நாட்டு மருந்துச் சட்ட விதிகளில் ஹெச்1 பட்டியலில் இருக்கும், சீட்டு இருந்தால் மட்டுமே விற்கக்கூடிய மருந்து. அதை விற்ற கடைக்காரர் உங்கள் பெயரையும் டாக்டர் பெயரையும் பதிவேட்டில் எழுதி 3 வருஷம் வைத்திருக்க வேண்டும். பில் தொலைந்தாலும் அந்தப் பதிவே சாட்சி. மெடிக்கல் சான்றிதழே மறுக்கப்பட்டால், வேறொரு சுயேச்சையான மருத்துவரிடம் மறுபரிசோதனை கேட்கும் உரிமையைக் கப்பல் ஊழியர்களுக்கான சர்வதேச ஒப்பந்தமான கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை, 2006 தருகிறது.

நான் மருந்துக்கடைப் பதிவேட்டின் நகலை இணைத்துக் கம்பெனிக்கும் கிளினிக்குக்கும் எழுதியிருக்கிறேன். இதுவரை இரண்டு பேரிடமிருந்தும் பதில் இல்லை.