பழைய ஜி.எம்.1, இன்னும் கையில்

பானசோனிக் லூமிக்ஸ் ஜி.எம்.1 என்ற, லென்ஸ் மாற்றக்கூடிய குட்டி கேமரா வெளியானது 2013-இல். நான் அதைச் செகண்ட் ஹேண்டில் வாங்கியே சில வருடங்கள் ஓடிவிட்டன. பேட்டரி, கார்டோடு பாடி (லென்ஸ் இல்லாத கேமரா) 204 கிராம்தான். கூட வந்த கிட் லென்ஸான 12-32 மி.மீ. ஜூமும் சுருங்கிக்கொள்ளும். 16 மெகாபிக்ஸல் போதுமா என்பார்கள். ஏ4 பிரிண்டுக்கு அதுவே தாராளம்.

வாங்குமுன் தெரிந்துகொள்ள வேண்டியது ஷட்டர், அதாவது வெளிச்சம் சென்சாரில் எவ்வளவு நேரம் பதியும் என்பதைத் தீர்மானிப்பது. இதன் மெக்கானிக்கல் ஷட்டர் நொடியில் 500-இல் ஒரு பங்கு வரைதான் போகும். அதற்கு மேல், திரை அசையாமல் சென்சாரே வேலையைச் செய்யும் எலெக்ட்ரானிக் ஷட்டர். அது 16,000-இல் ஒரு பங்கு வரை. அடிப்படை ஐ.எஸ்.ஓ. (வெளிச்சத்துக்கான உணர்திறன்) 200 என்பதால், உச்சி வெயிலில் எஃப்/1.7 போன்ற, வெளிச்சத்தை நிறைய உள்ளே விடும் லென்ஸை முழுக்கத் திறந்தால் எலெக்ட்ரானிக் ஷட்டரை விட்டால் வழியில்லை. அசையாத பொருள் என்றால் கவலையே இல்லை. ஓடும் குழந்தையோ வண்டியோ குறுக்கே வந்தால் உருவம் சாய்ந்து விழும், ஏனென்றால் சென்சார் படத்தை வரிவரியாக வாசிக்கிறது. சில எல்.இ.டி. வெளிச்சத்தில் பட்டைகளும் விழும். அதனால் அப்பர்ச்சரை (லென்ஸின் திறப்பை) குறைத்து மெக்கானிக்கலுக்குள் நிற்பேன், முடியாவிட்டால் வெளிச்சத்தைக் குறைக்கும் என்.டி. ஃபில்டர்.

இருட்டில் ஐ.எஸ்.ஓ.வை 1600 வரை தயங்காமல் ஏற்றுகிறேன். 3200 என்றால் ரா ஃபைலில் (கேமரா மெருகேற்றாத மூலப் படம்) எடுத்து, நாய்ஸை, அதாவது படத்தில் விழும் புள்ளிகளை, பிறகு பார்த்துக்கொள்வது. கை நடுக்கத்தைச் சரிசெய்யும் ஸ்டெபிலைசேஷன் பாடியில் கிடையாது. கிட் லென்ஸில் உண்டு, ஆனால் நான் அதிகம் மாட்டி வைத்திருக்கும் 20 மி.மீ. எஃப்/1.7 பான்கேக்கில் (தட்டையான லென்ஸ்) இல்லை. அதன் ஃபோகஸும் நிதானம்தான். இருந்தாலும் அதைக் கழற்ற மனசு வருவதில்லை! இரு கம்பெனிகளுக்கும் பொதுவான மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் மவுன்ட் (லென்ஸ் பொருந்தும் வளையம்) என்பதால் ஒலிம்பஸ் லென்ஸும் நேரடியாகப் பொருந்தும். பாடியில் மிச்சம் பிடித்து லென்ஸில் போடுங்கள்.

ஒரு சார்ஜ் சுமார் 230 படங்களுக்கு வரும் என்பது கம்பெனி கணக்கு. உபரி பேட்டரி ஒன்று கட்டாயம். பழைய பேட்டரி உப்பியிருந்தால் தொடவே வேண்டாம். லென்ஸுக்குள் டார்ச் அடித்து ஃபங்கஸ் (பூஞ்சை) இருக்கிறதா பாருங்கள். எஃப்/16-இல் வெள்ளைச் சுவரைப் படமெடுத்தால் சென்சார் தூசி புள்ளி புள்ளியாகத் தெரிந்துவிடும். லென்ஸ் மூடியைப் போட்டு நீண்ட எக்ஸ்போஷர் ஒன்று எடுத்தால், இருட்டிலும் ஒளிரும் பழுதான ஹாட் பிக்ஸல்களும் வெளிப்படும்.

4கே வீடியோ வேண்டுபவர்களுக்கு இது ஆகாது. கண்ணை வைத்துப் பார்க்கும் வ்யூஃபைண்டர் இதில் இல்லை. அது இல்லாமல் முடியாது என்பவர்கள் 2014-இல் வந்த ஜி.எம்.5-ஐத் தேடலாம், ஆனால் அதில் உள்ளமைந்த ஃபிளாஷ் கிடையாது. பார்ட்டியில் சும்மா படமெடுக்க, ஜி.எம்.1-இல் இருக்கும் குட்டி ஃபிளாஷ் எனக்கு வேண்டும், அதனால் ஜி.எம்.1-ஐ மாற்றவில்லை.