பட்டன் சிக்னலுக்கு 5க்கு 2, பள்ளிக்கூட மேட்டுக்கு 5க்கு 4

பாலக்காட்டில் என் தையல் கடைக்கு எதிரே, ரோட்டைக் கடக்க பட்டன் சிக்னல் வைத்து மூன்று மாதம் ஆகிறது. மிஷினில் உட்கார்ந்தால் நேர் எதிரே அதுதான் தெரியும்.

பட்டனை அழுத்திய பிறகு பச்சை வர ஒன்றரை நிமிடம். அதற்குள் நான் ஒரு சட்டைப் பட்டன் தைத்துவிடுவேன். யார் பொறுப்பார்கள்? அழுத்திவிட்டு, இடைவெளி கிடைத்ததும் ஓடிவிடுகிறார்கள். அப்புறம் ஆளே இல்லாத சீப்ரா கோட்டுக்கு முன்னால் வண்டிகள் நிற்கின்றன. நாலு தடவை சும்மா நின்ற டிரைவர் ஐந்தாவது தடவை நிற்பாரா?

பச்சை எரிவது 12 வினாடி. ஒரு ஹர்த்தால் அன்று ரோடு காலியாகக் கிடந்தது. இன்ச் டேப்பை எடுத்துக்கொண்டு இறங்கி அளந்தேன். ஒன்பது டேப்பும் கொஞ்சமும், ஏறக்குறைய 14 மீட்டர். சிக்னல் கணக்கில் வினாடிக்கு 1.2 மீட்டர் நடை என்று வைப்பது வழக்கம், அதன்படி 12 சரிதான். முட்டிவலிக்காரியான என் அம்மா 0.8 மீட்டர் நடந்தாலே பெரிது. அவளுக்கு 17, 18 வினாடி வேண்டும். போன வாரம் பாதியில் சிவப்பு விழுந்துவிட்டது. நடுவில் ஒதுங்கி நிற்கத் திட்டு இல்லை, ஒரு சாண் அகலக் கல்வரிசைதான். "பச்சை எரிஞ்சா போகச் சொன்னியேடீ" என்று என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். ஓர் ஆட்டோக்காரர் வண்டியைக் குறுக்கே நிறுத்தி, "பதுக்கெ மதி அம்மே" என்றார், மெதுவாகப் போனால் போதும் அம்மா என்று. அவருக்கு 5க்கு 5.

இன்னொன்று, நிறுத்தக்கோடு சீப்ராவை ஒட்டியே இருக்கிறது. பஸ் நமக்காக நின்றாலும், அதன் மறைவிலிருந்து பைக் சீறி வருவது தெரிவதில்லை. கோடு நாலைந்து மீட்டர் பின்னால் இருந்தால் பைக் முதலிலேயே கண்ணில் படும்.

இரண்டு தெரு தள்ளி ஒரு பள்ளிக்கூட வாசலில் சிக்னலே கிடையாது. நடைபாதை உயரத்துக்கு ரோட்டையே தூக்கி, மேல்பக்கம் தட்டையாக, இரு பக்கமும் சரிவு வைத்து, அதன்மேல் சீப்ரா போட்டிருக்கிறார்கள். வேகமாக வந்தால் வண்டியின் அடி உரசும். அதனால் எல்லோரும் தானாகவே மெதுவாக வருகிறார்கள். அம்மா படி இறங்காமல் ஏறாமல் நேராகவே நடந்து போகிறாள். இப்போதெல்லாம் சுற்றிக்கொண்டு அந்த வழியாகத்தான் கூட்டிப்போகிறேன்.

அதற்கு ஒரு மார்க் குறைத்தது மழைத் தண்ணீருக்காக. மேட்டின் ஓரத்தில் ஓடை விடவில்லை. ஜூனில் பிள்ளைகள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு கடக்கிறார்கள்.