விளக்கு ஏன் பொய் சொல்கிறது? குரலஞ்சல் அறிவிப்பு முறைகள் – ஓர் ஒப்பீடு

அலுவலக மேசைத் தொலைபேசியின் உச்சியில் இருக்கும் சிவப்பு விளக்குக்கு ஒரே வேலைதான். கேட்காத குரலஞ்சல் இருந்தால் எரிய வேண்டும், கேட்டு முடித்ததும் அணைய வேண்டும். இந்தச் சின்ன வேலையில் இரண்டு விதமான பிசகு நேர்கிறது. செய்தி வந்து காத்திருக்கும், விளக்கு எரியாது. அல்லது பெட்டி காலியாக இருக்கும், விளக்கு நாள் முழுக்க எரிந்துகொண்டே இருக்கும். இரண்டாவதைச் சிறு தொல்லை என்று பலர் விட்டுவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் அதுதான் பெரிய கேடு. காலிப் பெட்டியைத் திரும்பத் திரும்பத் திறந்து ஏமாந்தவர் பிறகு அந்த விளக்கின் பக்கமே பார்ப்பதில்லை. அதன்பின் விளக்கு சரியாக எரிந்தாலும் பயன் இல்லை.

விளக்கை ஏற்ற ஒன்றுக்கொன்று போட்டியான பல முறைகள் இருக்கின்றன. எல்லாம் ஒழுங்காக இருக்கும் நாளில் எல்லா முறைகளும் தேறிவிடும். ஓர் அறிவிப்பு வழியில் தொலைந்தால் எந்த முறை தானாகத் திருந்திக்கொள்கிறது என்பதை வைத்துத்தான் நான் அவற்றை எடைபோடுகிறேன்.

அதற்கு முன் ஒரு சோதனை. புகார் வந்த தொலைபேசியிலிருந்தே குரலஞ்சல் எண்ணை அழைத்து, புதிய செய்தி எத்தனை என்று கேளுங்கள். பெட்டி சொல்லும் கணக்கே தவறாக இருந்தால் விளக்கைத் தொட வேண்டாம், பழுது குரலஞ்சல் பக்கம் இருக்கிறது. கணக்கு சரி, விளக்கு மட்டும் தவறு என்றால்தான் கீழே சொல்பவை பொருந்தும்.

சந்தா முறையும் கேளாமல் அனுப்பும் முறையும்

இன்றைய ஐபி தொலைபேசிகளில் பெரும்பாலானவை எஸ்ஐபி என்ற, வலைப்பின்னல் வழியே அழைப்புகளை ஏற்படுத்தும் நெறிமுறையில் இயங்குகின்றன. விளக்குக்கான இலக்கணத்தை 2004-இல் வெளியான ஆர்எஃப்சி 3842 என்ற இணையத் தர ஆவணம் வகுத்தது. அதன்படி தொலைபேசி தன் பெட்டியின் நிலையை அறிய சர்வரிடம் ஒரு சந்தா கட்டுகிறது. இந்தக் கோரிக்கையின் பெயர் சப்ஸ்கிரைப். நிலை மாறும்போதெல்லாம் சர்வர் நோட்டிஃபை என்ற அறிவிப்பை அனுப்புகிறது. அறிவிப்பின் உள்ளே இருப்பவை சில வரிகள்தான். ‘செய்தி காத்திருக்கிறதா’ என்ற வரியில் ஆம் அல்லது இல்லை. குரல் செய்திகளுக்கான வரியில் 2/8 (0/2) என்பது போன்ற எண்கள். புதியவை 2, பழையவை 8. அடைப்புக்குள் இருப்பது அவற்றில் அவசரமானவற்றின் கணக்கு. ஆக, வருவது ‘ஏற்று’, ‘அணை’ என்ற வெறும் கட்டளை அன்று. பெட்டியின் முழு நிலையும் ஒவ்வொரு முறையும் வருகிறது.

இரண்டாவது முறையில் சந்தா இல்லை. தொலைபேசி சர்வரில் பதிவாகியிருந்தால் போதும், நிலை மாறியதும் சர்வர் தானாகவே நோட்டிஃபை அனுப்பிவிடும். தொலைபேசியில் எதையும் அமைக்க வேண்டியதில்லை என்பதால் நிறுவுபவர்களுக்கு இது மிகவும் பிடிக்கும். ஆனால் சந்தா இல்லாமல் வரும் நோட்டிஃபைக்கு 481 என்று மறுப்பு அனுப்புவதுதான் நெறிமுறை சொல்லும் பொது வழக்கம். சில தொலைபேசிகள் அப்படியே மறுக்கின்றன. அவற்றைப் பழுதானவை என்று சொல்வது நியாயமில்லை. யாரோ அனுப்பிய அறிவிப்புக்கெல்லாம் விளக்கை ஏற்றாமல் இருப்பது நல்ல குணம்தான்.

மேசைத் தொலைபேசிகளுக்கு நான் சந்தா முறையையே தேர்ந்தெடுப்பேன். சந்தாவுக்கு ஆயுள் உண்டு. ஆர்எஃப்சி 3842 தரும் இயல்பு அளவு ஒரு மணி நேரம். தொலைபேசி அதைப் புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும் சர்வர் அப்போதைய நிலையை மறுபடி சொல்லியாக வேண்டும். இடையில் ஓர் அறிவிப்பு தொலைந்தாலும் அடுத்த புதுப்பிப்பில் விளக்கு உண்மைக்குத் திரும்பிவிடும். கேளாமல் அனுப்பும் முறையில் இந்த உறுதி கிடையாது. யுடிபி வழியில் (பொட்டலம் போய்ச் சேர்ந்ததா என்று தானாக உறுதிசெய்யாத வழி) போகும் நோட்டிஃபைக்குப் பதில் வராவிட்டால் சர்வர் சுமார் 32 விநாடிகள் திரும்பத் திரும்ப அனுப்பிப் பார்த்துவிட்டுக் கைவிடும். தொலைபேசி மறுபடி பதிவு செய்யும்போது ஆஸ்டெரிஸ்க் (தொலைபேசி இணைப்பக மென்பொருள்) போன்ற சர்வர்கள் நிலையை மீண்டும் அனுப்புவது ஒரு ஆறுதல். எல்லாச் சர்வர்களும் அப்படிச் செய்யும் என்று நம்பி இருந்துவிட முடியாது.

சந்தாவுக்கும் ஒரு பலவீனம் உண்டு. சர்வர் மறுதொடக்கம் ஆகிச் சந்தாக்களை மறந்துவிட்டால், தொலைபேசி புதுப்பிக்க வரும்வரை அதற்கு எந்த அறிவிப்பும் போகாது. ஒரு மணி நேர இருட்டு அலுவலகத்துக்கு ஒத்துவராது என்றால் ஆயுளை 600 விநாடிகளாகக் குறைக்கலாம். 200 தொலைபேசிகள் இருந்தால் மூன்று விநாடிக்கு ஒரு புதுப்பிப்பு, அதற்கு நான்கு சிறு பொட்டலங்கள். எந்தச் சர்வருக்கும் இது சுமையே இல்லை.

அமைப்பில் இடறும் இடம்

ஆஸ்டெரிஸ்க்கின் இன்றைய எஸ்ஐபி பகுதியான பிஜேசிப் அமைப்பில் இந்த இரண்டு முறைகளுக்கும் ஒரே பெயருள்ள ஓர் அமைப்புதான்: மெயில்பாக்ஸஸ். அதைத் தொலைபேசியை வரையறுக்கும் என்ட்பாயின்ட் பகுதியில் எழுதினால் சர்வர் கேளாமல் அனுப்பும். தொலைபேசி பதிவாகும் முகவரியைக் குறிக்கும் ஏஓஆர் பகுதியில் எழுதினால் சந்தாவுக்குக் காத்திருக்கும். இரண்டு இடத்திலும் எழுதிவைத்துவிட்டு, எந்த அறிவிப்பு எதனால் வருகிறது என்று தெரியாமல் தவிக்கும் அமைப்புகள் ஏராளம். ஒன்றை முடிவு செய்துகொண்டு மற்றதை எடுத்துவிடுவதே நல்லது. ஏஓஆர் பகுதியில் மட்டும் எழுதிவிட்டுத் தொலைபேசியில் சந்தாவை இயக்காமல் விட்டால் ஒன்றுமே நடக்காது. கிராண்ட்ஸ்ட்ரீம், யீலிங்க் தொலைபேசிகளில் இதற்கென்று தனித் தேர்வு இருக்கிறது; அது அணைந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பெட்டியின் பெயரும் முக்கியம். சேன்-சிப் என்ற பழைய எஸ்ஐபி பகுதியின் காலத்தில் வெறும் 1001 என்று எழுதினாலே போதும், பின்னால் வரும் டீஃபால்ட் என்ற பெட்டிக் குழுவின் பெயரை சர்வரே சேர்த்துக்கொள்ளும். பிஜேசிப்பில் 1001@டீஃபால்ட் என்று முழுதாக எழுத வேண்டும். சேன்-சிப் ஆஸ்டெரிஸ்க் 21-ஆம் பதிப்பில் நீக்கப்பட்டுவிட்டதால், பழைய அமைப்பை மாற்றி எழுதும்போது பலருடைய விளக்குகள் இந்த ஒரு சொல்லால் எரியாமல் போகின்றன.

எந்த முறையானாலும் எஸ்என்கிரெப் அல்லது வயர்ஷார்க் என்ற வலைப்பின்னல் கண்காணிப்புக் கருவியை வைத்து ஒரு சோதனைச் செய்தியின் பயணத்தைப் பார்த்துவிடுங்கள். நோட்டிஃபை சர்வரை விட்டுக் கிளம்பவே இல்லை என்றால் பெட்டியின் பெயரோ சந்தாவோ பொருந்தவில்லை. கிளம்பியும் பதில் இல்லை என்றால் இடையில் இருக்கும் ஃபயர்வாலைச் சந்தேகிக்கலாம். எஸ்ஐபி செய்திகளை இடையில் திருத்தும் எஸ்ஐபி ஏஎல்ஜி என்ற வசதி ரவுட்டரில் இருந்தால் அதை அணைத்துப் பார்க்கலாம். 481 அல்லது 489 வந்தால் தொலைபேசி இந்த முறையை ஏற்கவில்லை என்று பொருள். ஏற்றுக்கொண்டதைச் சொல்லும் 200 வந்தும் விளக்கு எரியவில்லை என்றால் வலைப்பின்னலை விட்டுவிட்டுத் தொலைபேசியின் விளக்கு அமைப்பைப் பாருங்கள்.

சிஸ்கோவில்: எண் அழைத்தலும் ட்ரங்கும்

அழைப்புகளை இணைக்கும் சிஸ்கோ கால் மேனேஜரும் குரலஞ்சலைக் கவனிக்கும் யூனிட்டி கனெக்‌ஷனும் சேர்ந்த அலுவலகங்களில் வேறொரு போட்டி நடக்கிறது. சிஸ்கோவின் சொந்த நெறிமுறையான எஸ்சிசிபி வழி இணைப்பில், விளக்கை ஏற்ற ஓர் எண்ணும் அணைக்க ஓர் எண்ணும் இருக்கும். குரலஞ்சல் சர்வர் தன் போர்ட்டுகளில் (அழைப்பு வழிகளில்) ஒன்றை எடுத்து, இன்ன எக்ஸ்டென்ஷனுக்காக என்ற குறிப்போடு அந்த எண்ணை அழைக்கும். இங்கே நிலை என்று எதுவும் பயணிப்பதில்லை, ஒரு கட்டளை மட்டுமே போகிறது. அது தொலைந்தால் அடுத்த செய்தி வரும்வரை விளக்கு தவறாகவே நிற்கும். காலை நேரத்தில் போர்ட்டுகள் எல்லாம் அழைப்பாளர்களிடம் மாட்டிக்கொண்டால் விளக்குகள் தாமதமாகவே எரியும். அதற்காகச் சில போர்ட்டுகளை விளக்குப் பணிக்கென்றே ஒதுக்க வேண்டும். போர்ட்டுக்குத் தரப்பட்ட அழைப்புத் தேடல் வெளியில் (அது எந்த எண்களை அழைக்கலாம் என்ற வரம்பில்) அந்த எண்களோ பயனரின் எண்ணோ அடங்காவிட்டால், ஒரு பிரிவின் தொலைபேசிகள் எரியும், இன்னொரு பிரிவின் தொலைபேசிகள் எரியாது. இப்படிப் பிரிவு பிரிவாக வரும் பழுதுக்கு நான் முதலில் பார்க்கும் இடம் இதுதான்.

இரண்டு சர்வர்களையும் எஸ்ஐபி ட்ரங்க் என்ற நேரடி இணைப்பு வழியில் இணைத்தால் எண்களும் போர்ட்டுத் தகராறும் ஒழிகின்றன. யூனிட்டி நேராக நோட்டிஃபை அனுப்பிவிடும். இது சந்தா இல்லாத அறிவிப்புதான், ஆனாலும் இங்கே அது பொருத்தமானது. இரு முனையும் நம் கட்டுப்பாட்டில் உள்ள சர்வர்கள், நடுவே வீட்டு ரவுட்டர்கள் இல்லை. ஒரே நிபந்தனை, ட்ரங்கின் பாதுகாப்பு அமைப்பில் கோரப்படாத அறிவிப்பை ஏற்றுக்கொள்ளும் கட்டத்தில் டிக் இருக்க வேண்டும். அது இல்லாமல் போனால் ஒட்டுமொத்த அலுவலகத்தின் விளக்குகளும் இருண்டுவிடும். புதிதாக அமைப்பவர்கள் ட்ரங்கையே தேர்ந்தெடுக்கலாம். இரண்டு வழிகளிலும் நிலை கலைந்துபோனால் யூனிட்டியில் எல்லா விளக்குகளையும் பெட்டியோடு ஒத்துப்பார்த்துச் சரிசெய்யும் பொத்தான் இருக்கிறது. பெரிய அலுவலகத்தில் அதை வேலை முடிந்த பிறகு அழுத்துங்கள், ஒரே நேரத்தில் நெரிசல் கூடும்.

அனலாக் தொலைபேசிகளில்

ஹோட்டல் அறைகளிலும் பழைய இணைப்பகங்களிலும் இன்னும் மூன்று முறைகள் உயிரோடு இருக்கின்றன. நியான் விளக்கு முறையில் இணைப்பகம் வழக்கமான 48 வோல்ட்டுக்குப் பதில் சுமார் 90 வோல்ட்டை வரியில் அனுப்பும். நியான் குழல் அதில்தான் பற்றிக்கொள்ளும். எஃப்எஸ்கே (தகவலை இரண்டு ஒலி அலைவெண்களாக மாற்றி அனுப்பும்) முறையில் அழைப்பவர் எண்ணைக் காட்டும் அதே பாணியில், நொடிக்கு 1200 பிட் வேகத்தில் ஒரு குறுந்தகவல் வரும். தொலைபேசி அதை நினைவில் வைத்து விளக்கை ஏற்றும். மூன்றாவது, ரிசீவரை எடுத்ததும் டயல் டோன் விட்டு விட்டு ஒலிப்பது.

நியானுக்கு மின்னழுத்தம் தொடர்ந்து வந்தாக வேண்டும் என்பதால் அது எப்போதும் இணைப்பகத்தின் தற்போதைய எண்ணத்தையே காட்டும். எஃப்எஸ்கே விளக்கு கடைசியாகக் கேட்டதைக் காட்டும். அணைக்கும் தகவல் வரும்போது ஒயர் கழன்றிருந்தால் விளக்கு எரிந்தபடியே நிற்கும். ஆனால் நியானுக்கு அதைத் தரக்கூடிய லைன் கார்டும் அதற்கென்றே செய்த தொலைபேசியும் வேண்டும். அவை ஏற்கெனவே இல்லாத இடத்தில் புதிதாக வாங்கப் பரிந்துரைக்க மாட்டேன். எஃப்எஸ்கேவை வைத்துக்கொண்டு, விட்டு விட்டு ஒலிக்கும் டோனையும் கூடவே இயக்கிவையுங்கள். டோன் பழுது பார்க்கவும் உதவும். டோன் விட்டு விட்டு ஒலிக்கிறது, விளக்கு எரியவில்லை என்றால், செய்தி இருப்பது இணைப்பகத்துக்குத் தெரிந்திருக்கிறது. அது அனுப்பும் குறி வகையும் தொலைபேசி எதிர்பார்க்கும் வகையும் பொருந்தவில்லை, அவ்வளவுதான். ஆஸ்டெரிஸ்க்கின் அனலாக் அமைப்பிலும் அனலாக் அடாப்டர்களிலும் இந்த வகையை மாற்றும் தேர்வு இருக்கிறது.

வெளியிலிருந்து தொடும் கை

எந்த முறையைத் தேர்ந்தெடுத்தாலும் தீராத பழுது ஒன்று உண்டு. பயனர் செய்தியை வலைப்பக்கத்திலோ மின்னஞ்சலிலோ கேட்டு நீக்கிவிடுகிறார், தொலைபேசியின் விளக்கு மட்டும் எரிந்துகொண்டே இருக்கிறது. ஆஸ்டெரிஸ்க்கின் குரலஞ்சல் நிரல் தன் வழியாக நடந்த மாற்றத்தை மட்டுமே அறியும். கோப்பை வேறொரு நிரல் நேரடியாக அழித்தால் அதற்குத் தெரியாது. இதற்காகவே பெட்டிகளைக் குறித்த இடைவெளியில் எண்ணிப் பார்க்கும் போல்-மெயில்பாக்ஸஸ் என்ற அமைப்பு இருக்கிறது. இயல்பில் அது அணைந்திருக்கும். இயக்கினால் 30 விநாடிக்கு ஒரு முறை பெட்டிகளைப் பார்க்கும். செய்திகள் சர்வரின் சொந்த டிஸ்க்கில் இருந்தால் இந்த இடைவெளியை அப்படியே விடலாம். ஐமேப் சேமிப்பில், அதாவது ஒரு மின்னஞ்சல் சர்வரில், இருந்தால் ஒவ்வொரு எண்ணிக்கையும் அந்தச் சர்வரைப் போய்த் தட்டும், அதனால் இடைவெளியை இரண்டு மூன்று நிமிடமாக நீட்டுங்கள்.