இட்லி மாவுக்கும் இடம் தந்த கையேடு

கார்னெல் பல்கலைக்கழக நுண்ணுயிரியலாளர் கீத் ஸ்டைன்கிராஸ் தொகுத்து 1983-இல் வெளியான, மரபுவழிப் புளிப்புணவுகள் பற்றிய ஆங்கிலக் கையேட்டை, பழைய புத்தக வியாபாரி ஒருவரிடமிருந்து தபாலில் வரவழைத்துப் படித்தேன். 1977-இல் பாங்காக்கில் நடந்த கருத்தரங்கு ஒன்றின் விளைவாக உருவான நூல் இது.

நான் முதலில் புரட்டியது இட்லியைப் பற்றிய பக்கங்களைத்தான். அரிசியும் உளுந்தும் ஊறும்போதே பெருகத் தொடங்கும் லியூக்கோனாஸ்டாக் மெசன்டிராய்ட்ஸ் என்னும் பாக்டீரியா, மாவுக்குப் புளிப்பைத் தருவதோடு, கரியமில வாயுவை வெளியிட்டு அதைப் பொங்கவும் வைக்கிறது என்பதைப் படித்தபோது, விடிகாலையில் மூடியைத் தள்ளிக்கொண்டு வழியும் மாவுப் பாத்திரம் கண்முன் வந்து நின்றது. கோதுமையோ ஈஸ்டோ சேர்க்காமலே பஞ்சுபோன்ற உணவைச் செய்யும் இந்த முறையை, ஓர் அறிவியலாளர் இத்தனை மரியாதையுடன் அணுகியிருப்பது எனக்கு நெகிழ்ச்சியைத் தந்தது. சோயாவைப் பூஞ்சையிழைகளால் கட்டியாகப் பிணைக்கும் இந்தோனேசிய டெம்பே பற்றிய பகுதியும் அதே அளவு செறிவானது.

சமையல் குறிப்பு தேடுவோருக்கு உரியதன்று இந்நூல்; கலைச்சொற்களும் அட்டவணைகளும் நிறைந்திருப்பதால் மெதுவாகத்தான் படிக்க முடியும். ‘நல்ல நிலை’ என்று சொல்லி அனுப்பப்பட்ட என் பிரதியின் முதுகுக் கட்டு இரண்டாம் நாளே விட்டுப்போனது வருத்தமே. விரிவாக்கப்பட்ட இரண்டாம் பதிப்பு கிடைத்தால் அதையே வாங்குங்கள்.