‘இக்கைட்டு’ என்று சொல்லி ஜிப்சம் அனுப்பினார்கள்: 38,500 ரூபா போய்விட்டது

இக்கைட்டு என்ற அரிய கனியம் என்று நம்பி நான் வாங்கிய கல்லை விளம்பரப்படுத்திய இணையச் சந்தையிடமிருந்து இன்று பிற்பகல் மூன்றரை மணிக்குக் கடைசிப் பதில் வந்தது. “உங்கள் முறைப்பாடு முடிவுறுத்தப்பட்டுள்ளது.” ஒரே வரி. 38,500 ரூபாவுக்கு ஒரே வரி. வீட்டுக்கு வந்து தேநீர்கூடக் குடிக்காமல் இதை எழுதுகிறேன். சொற்கள் சூடாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கனியங்கள், படிகங்கள் என்று இணையத்தில் வாங்க நினைக்கும் ஆசிரியர்களும் மாணவர்களும் கட்டாயம் வாசியுங்கள். என்னென்ன கவனிக்க வேண்டும் என்பதைக் கடைசியில் எழுதுகிறேன்.

மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவுக்குப் போகும் வீதியில் உள்ள ஒரு பாடசாலையில் உயர்தர வகுப்புக்கு இரசாயனவியல் கற்பிக்கிறேன். ஆய்வுகூடம் என்று ஒரு அறை இருக்கிறது. அதில் இருக்கும் போத்தல்களில் பாதி நானே கிளிநொச்சிக்கும் வவுனியாவுக்கும் பஸ்ஸில் போய்ச் சேர்த்தவை. பங்குனி மாதம் நீரேறிய உப்புகள், அதாவது படிகத்துக்குள்ளேயே நீரைக் கொண்ட உப்புகள் பற்றிய பாடம். நீல நிறச் செப்புச் சல்பேற்றைச் சோதனைக்குழாயில் சூடாக்கினோம். நீர் ஆவியாகிக் குழாயின் வாயில் துளிதுளியாகப் படிந்தது, அடியில் வெள்ளைத் தூள் மிஞ்சியது. அப்போது ஒரு மாணவி எழுந்து கேட்டாள்: “சேர், சுண்ணாம்புக் கல்லுக்குள்ளும் இப்படித் தண்ணீர் இருக்குமா?”

நல்ல கேள்வி. எங்கள் கிணற்று நீரைக் கொதிக்கவைக்கும் கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிவதும், யாழ்ப்பாணக் குடாநாடு முழுவதும் காலடியில் கிடக்கும் கல்லும் கல்சியங் காபனேற்றுத்தான். ஆனால் கல்சைற்று, அரகனைற்று, வற்றரைற்று என்ற அதன் மூன்று வடிவங்களிலும் நீர் இல்லை. நீரோடு சேர்ந்து படிகமாகும் கல்சியங் காபனேற்றுகள் மிக அரியவை. ஒரு நீர் மூலக்கூறு மட்டும் சேர்ந்தது மொனோஐதரோகல்சைற்று. ஆறு மூலக்கூறுகள் சேர்ந்தது இக்கைட்டு.

அந்த இக்கைட்டைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால் எனக்கு நிறுத்த வராது. கிரீன்லாந்தின் தென்மேற்கில் இக்கா என்ற ஒடுங்கிய கடல்நுழைகழி இருக்கிறது. அதன் அடியிலிருந்து ஊறும் காபனேற்று மிகுந்த ஊற்றுநீர் குளிர்ந்த கடல்நீரோடு கலக்கும் இடங்களில் இந்தக் கனியம் தூண் தூணாக வளர்ந்து நிற்கிறது. சில தூண்கள் ஏறத்தாழ 20 மீற்றர் உயரம். டென்மார்க்கைச் சேர்ந்த ஹான்ஸ் பவுலி 1963இல் இதைப் புதிய கனியமாக விவரித்தார். அந்த இடத்தின் பெயரே கனியத்தின் பெயராயிற்று. 2008இல் அந்தாட்டிக் கடற்பனிக்குள்ளும் இதைக் கண்டார்கள். கணக்குப் பாருங்கள்: மூலக்கூற்றுத் திணிவு 208, அதில் நீர் மட்டும் 108. நிறையில் பாதிக்கு மேல் தண்ணீரான ஒரு கல்! அதனால்தான் அது குளிரை விட்டு வெளியே வாழாது. ஆறேழு பாகை செல்சியசைத் தாண்டினாலே சிதைந்து, நீர் வழிந்தோட, கல்சைற்றுத் தூளாகிவிடும்.

இதை வகுப்பில் சொன்னபோது பிள்ளைகள் அசையாமல் இருந்தார்கள். “ஒருமுறை கண்ணால் பார்க்க முடியுமா சேர்?” என்று அதே மாணவி கேட்டாள். “பார்க்கலாம்” என்று சொல்லிவிட்டேன். பாடசாலை விஞ்ஞானக் கண்காட்சி வைகாசியில் வரவிருந்தது. ஒரு குளிர்ப்பெட்டியில் இக்கைட்டை வைத்து, சிறு துண்டு ஒன்றை வெளியே எடுத்து, அது பார்வையாளரின் கண்முன்னே கரைவதைக் காட்டவேண்டும். இதுதான் எங்கள் திட்டம்.

தேடியபோது, உள்நாட்டிலும் வெளிநாட்டிலும் உள்ள விற்பனையாளர்கள் கற்களையும் படிகங்களையும் விற்கும் ஒரு இணையச் சந்தையில் அது இருந்தது. பெயரைச் சொல்லப் போவதில்லை, சொன்னால் வேறு பெயரில் வருவார்கள். நீலத் துணியின் மேல் கண்ணாடி போன்ற நீண்ட படிகம், வலது மூலை சிறிது உடைந்திருந்தது. “அரிய இக்கைட்டு வகைப் படிகம், கிரீன்லாந்து.” விலை 45,000 ரூபா. விற்பனையாளரின் தொலைபேசி எண்ணும் இருந்தது. அழைத்தேன்.

இந்த இடத்தை நான் ஆறுதலாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் நான் விழுந்தது இங்கேதான்.

இளைஞன் ஒருவன் பேசினான். நல்ல தமிழ், நல்ல மரியாதை, வாய்க்கு வாய் “சேர்”. நான் முதலில் கேட்டதே சரியான கேள்விதான்: “தம்பி, இக்கைட்டு இந்த வெப்பத்தில் நிற்காதே, எப்படி அனுப்புவீர்கள்?” அவன் தடுமாறவில்லை. “சரியாகச் சொன்னீர்கள் சேர், சாதாரண இக்கைட்டு நிற்காது. இது பொசுபேற்றுச் சேர்த்து நிலைப்படுத்தியது. பொசுபேற்று இருந்தால் கல்சைற்றாக மாறாது” என்றான்.

இதில் பாதி உண்மை. இக்கா நுழைகழியின் ஊற்றுநீரில் பொசுபேற்று உண்டு. அது கல்சைற்றுப் படிகம் உருவாவதைத் தடுக்கிறது, அந்த இடைவெளியில் இக்கைட்டு வளர்கிறது. ஆனால் அது படிகம் உருவாகும்போது நடக்கும் வேலை. பிறந்து முடிந்த இக்கைட்டை வன்னி வெயிலில் காப்பாற்றப் பொசுபேற்றால் முடியாது. இது எனக்குத் தெரியும். தெரிந்தும், தொலைபேசியின் மறுமுனையில் ஒருவன் பொசுபேற்று என்ற சொல்லைச் சொன்னதும் என் மனம் இளகிவிட்டது. இத்தனை நுணுக்கமாகத் தெரிந்தவன் ஏமாற்றமாட்டான் என்று நினைத்தேன். பாடசாலைக்கு என்றதும் அவன் குரல் இன்னும் கனிந்தது. “என் அம்மாவும் ஆசிரியைதான் சேர். பிள்ளைகளுக்கு என்றால் நான் இலாபம் பார்ப்பதில்லை” என்று 38,500 ரூபாவுக்கு இறங்கினான். குளிர்ப்பொதியில் அனுப்புவதாகவும் ஆய்வுகூடச் சான்றிதழ் சேர்த்து வைப்பதாகவும் சொன்னான்.

அந்த 38,500 ரூபாவில் 20,000 வெளிநாட்டில் இருக்கும் பழைய மாணவர்கள் ஆய்வுகூடத்துக்கு என்று அனுப்பியது. மிகுதி 18,500 என் சம்பளம். அதே நாள் வங்கிக் கிளைக்குப் போய் முழுத் தொகையையும் அவன் கொடுத்த கணக்குக்கு மாற்றினேன். சந்தைத் தளத்தின் வழியாகக் கட்டவில்லை. “தளம் தரகு எடுக்கும் சேர், அதைத்தான் உங்களுக்குக் குறைத்திருக்கிறேன்” என்றிருந்தான்.

பொதி வர 19 நாள் ஆனது. நாங்கள் சும்மா இருக்கவில்லை. முல்லைத்தீவிலிருந்து மீன் கொண்டுவரும் ஐயா ஒருவரிடம் ரெஜிபோம் பெட்டி ஒன்று வாங்கினோம். எதற்கென்று கேட்டுவிட்டு அவர் காசு வாங்க மறுத்தார், ஐஸும் தானே தருவதாகச் சொன்னார். பிள்ளைகள் பெட்டியைக் கழுவி, மீன் மணம் போக எலுமிச்சந்தோல் தேய்த்து வெயிலில் வைத்தார்கள். மூடியில் துளையிட்டு வெப்பமானியைச் செருகினார்கள். இக்கைட்டின் படிகத் தொகுதி, கடினம், அடர்த்தி எல்லாம் எழுதிய பெரிய அட்டை ஒன்றையும் ஆயத்தமாக்கினார்கள்.

கூரியர்காரர் பொதியைத் தந்தபோது அது கையில் சுட்டது. குளிர்ப்பொதி எதுவும் இல்லை, குமிழ்த்தாள் மட்டும். உள்ளே படிகம் முழுசாக, உலர்ந்து, மினுங்கிக்கொண்டு இருந்தது. ஒரு துளி ஈரம் இல்லை. உண்மையான இக்கைட்டாக இருந்தால் நான் பிரித்தது வெள்ளைக் கூழாக இருந்திருக்க வேண்டும். கெட்டுப்போய் வந்திருந்தால் அது உண்மையானது, கெடாமல் வந்ததால் அது பொய். அந்தக் கணத்திலேயே எனக்கு வயிறு கலங்கியது. சுற்றி நின்ற பிள்ளைகளின் முகத்தைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை.

சான்றிதழ் என்று ஒரு அட்டை. ஒற்றைச்சரிவுத் தொகுதி (படிக வடிவங்களில் ஒரு வகை), நிறமற்றது, நீரேறிய கனியம், கடினம் 3 என்று எழுதியிருந்தது. ஆய்வுகூடத்தின் முகவரி இல்லை. கையொப்பம் வாசிக்க முடியாத ஒரு கிறுக்கல்.

மறுநாள் வகுப்பையே ஆய்வுக்கு எடுத்துக்கொண்டோம். நகத்தால் கீறினோம், கீறல் விழுந்தது. கீறலை வைத்துக் கணிக்கும் மோஸ் அளவுகோலில் நகத்தின் கடினம் ஏறத்தாழ 2.5, கடினம் 3 உள்ள கனியத்தில் நகம் ஏறாது. ஐதான ஐதரோக்குளோரிக் அமிலத்தை ஒரு துளி விட்டோம். கேத்தலில் சுரண்டிய படிவு பொங்கி நுரைத்தது, இந்தக் கல் அசையவே இல்லை. “சேர், இது நுரைக்கவில்லையே” என்றாள் அந்த மாணவி. காபனேற்று என்றால் அமிலம் பட்டதும் காபனீரொட்சைட்டு வரவேண்டும் என்பது அவளுக்கு ஒன்பதாம் வகுப்பிலேயே தெரியும். நூலில் கட்டி விற்றராசில் நிறுத்தோம்: வளியில் 184 கிராம், நீருக்குள் 104 கிராம். இழப்பு 80, 184ஐ 80ஆல் வகுத்தால் அடர்த்தி 2.3. இக்கைட்டின் அடர்த்தி ஏறத்தாழ 1.8 மட்டுமே, நீருக்குள் அது 82 கிராம் அளவில் காட்டியிருக்கும். உடைந்த மூலையிலிருந்து 10 கிராம் எடுத்துப் புடக்குகையில் நன்றாகச் சூடாக்கினோம். 7.9 கிராம் மிஞ்சியது. இக்கைட்டு என்றால் 5 கிராம்கூட மிஞ்சக் கூடாது. கடைசியாக, சிறிது தூளைக் கரைத்து அமிலம் விட்டுப் பேரியங் குளோரைட்டைச் சேர்த்ததும் பால்போல வெள்ளை வீழ்படிவு இறங்கியது. சல்பேற்று.

ஜிப்சம். நீரேறிய கல்சியஞ் சல்பேற்று, இரண்டு நீர் மூலக்கூறுகள், நிறையில் ஏறத்தாழ 21 வீதம் நீர். அதுவும் ஒற்றைச்சரிவுத் தொகுதிதான், அதுவும் நிறமற்றது, அதுவும் நீரேறியது. அட்டையில் உண்மையான வரிகளாகப் பார்த்துப் பொறுக்கி எழுதியிருக்கிறான். அமிலச் சோதனையைப் பற்றியும் அடர்த்தியைப் பற்றியும் ஒரு சொல் இல்லை. கனியங்களை வகைப்படுத்தும்போது காபனேற்று ஒரு வகுப்பு, சல்பேற்று வேறொரு வகுப்பு. நிறமோ வடிவமோ ஒத்திருப்பதால் ஒன்று மற்றதாகிவிடாது. கடல்நீரை வற்றவைக்கும் எந்த உப்பளத்திலும் உப்புக்கு முன்னரே படிவது இந்த ஜிப்சம். உடைந்த கைக்குக் கட்டும் சாந்து இதைச் சுட்டு எடுத்தது. இதற்கு 38,500 ரூபா!

அழைத்தேன். முதல்நாள், “வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள் சேர், உள்ளே நீர் தெரியும்” என்றான். இரண்டாம் நாள், “சூடாக்கிப் பாருங்கள், ஆவி வரும்” என்றான். ஆவி வரத்தான் செய்யும், ஜிப்சத்திலும் நீர் இருக்கிறதே. அளவைச் சொன்னேன், பேரியங் குளோரைட்டைச் சொன்னேன். உடனே குரல் மாறியது. “உங்கள் ஊர் வெயிலில் அது மாறியிருக்கும், அதற்கு நான் பொறுப்பில்லை.” நிலைப்படுத்திய கல் என்று விற்றவன் வெயிலில் மாறிவிட்டது என்கிறான்! மாறினாலும் காபனேற்றுச் சல்பேற்றாக மாறுமா? எந்த வெயிலில்? மூன்றாம் நாள் “வாத்தியார், எனக்கு நேரமில்லை” என்றான். அன்றோடு “சேர்” போய்விட்டது. நான்காம் நாள் என் எண்ணையே தடுத்துவிட்டான்.

சந்தைத் தளத்துக்கு எழுதினேன். முதலில் தானியங்கிப் பதில். பிறகு, பொருள் அனுப்பிய நாளிலிருந்து 7 நாளுக்குள் முறைப்பாடு செய்திருக்க வேண்டும் என்றார்கள். பொதி வந்ததே 19ஆம் நாள் என்று கூரியர் பற்றுச்சீட்டை அனுப்பினேன். அடுத்த பதில்: “விளம்பரத்தில் ‘இக்கைட்டு வகை’ என்றே உள்ளது, ‘இக்கைட்டு’ என்று இல்லை.” வகை! அந்த ஒரு சொல்லுக்குள் ஒளிந்துகொண்டார்கள். பணம் தளத்தின் வழியாகக் கட்டப்படவில்லை என்பது அடுத்தது. ஆய்வு முடிவுகளையும் படங்களையும் பிள்ளைகள் எழுதிய அட்டவணையையும் அனுப்பினேன். அதற்குத்தான் இன்றைய ஒரு வரி.

நேர்மையான வியாபாரி என்றால் எனக்குக் கிளெண்டனைற்று விற்றிருப்பான். இக்கைட்டுப் படிகம் சிதைந்த பின், அதன் வடிவம் மட்டும் அப்படியே இருக்க, உள்ளே முழுவதும் கல்சைற்றாகிப் போனது அது. அவுஸ்திரேலியாவின் கிளெண்டன் என்ற இடத்தால் வந்த பெயர். ரஷ்யாவின் வெண்கடல் கரையிலும் நட்சத்திரம்போல் முள்முள்ளாகக் கிடைக்கிறது. ஒரு காலத்தில் அந்த இடம் எவ்வளவு குளிராக இருந்தது என்பதற்கு அதைச் சான்றாகக் கொள்கிறார்கள். எந்த வெயிலிலும் நிற்கும், அமிலத்தில் நுரைக்கும். அதைப் பிள்ளைகளின் கையிலேயே கொடுத்திருக்கலாம். இக்கைட்டு தரமுடியாது, இது தருகிறேன் என்று அவன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அதே 38,500 ரூபாவை மனம் நிறைந்து கொடுத்திருப்பேன்.

கவனிக்க வேண்டியவற்றை விரிவாக எழுத நினைத்தேன், கை ஓடவில்லை. தளத்துக்கு வெளியே பணம் அனுப்பாதீர்கள். விளம்பரத்தில் “வகை”, “போன்ற” என்ற சொற்கள் இருந்தால் விலகுங்கள். பொதி பிரிப்பதைக் காணொளி எடுங்கள். காபனேற்று என்று விற்றால் ஒரு துளி அமிலம் விடாமல் ஏற்காதீர்கள். குளிரில்லாமல் உங்கள் கைக்கு முழுசாக வந்த இக்கைட்டு இக்கைட்டே அல்ல. நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 என்ற எண்ணுக்கு நாளை காலை நான் அழைக்கப் போகிறேன், நீங்களும் ஏமாந்திருந்தால் அழையுங்கள்.

இதை எழுதி முடிக்கும் முன்னர் அந்தத் தளத்தை இன்னொரு முறை திறந்து பார்த்தேன். அதே நீலத் துணி, வலது மூலை உடைந்த அதே படிகத்தின் படம் இன்னும் விற்பனையில் இருக்கிறது. விலை 48,000 ரூபா. அந்த மூலையை நாங்கள் சுட்டுத் தூளாக்கிவிட்டோம், கல்லின் மிகுதி என் மேசையில் கிடக்கிறது.