பன்னாட்டு நிறுவனத்தின் தொழிலாளர் சட்ட ஆலோசனை: உலகளாவிய சட்ட நிறுவனமா, நாட்டுக்கொரு வழக்கறிஞர் கூட்டணியா?

பல நாடுகளில் ஆட்களை வேலைக்கு வைத்திருக்கும் ஒரு நிறுவனம், அந்நாடுகளின் தொழிலாளர் சட்டங்களைக் குறித்து யாரிடம் ஆலோசனை பெறுவது என்று தேடத் தொடங்கினால், அதனிடம் வந்து சேரும் விளக்கக் கையேடுகள் பெரும்பாலும் ஒரே கணக்கைத்தான் காட்டுகின்றன: எத்தனை நாடுகள், எத்தனை அலுவலகங்கள், எத்தனை வழக்கறிஞர்கள். இந்தக் கணக்கை வைத்து முடிவெடுக்க முடியாது. வேலைக்கு எடுப்பதற்கான ஒப்பந்தத்தை எந்த நாட்டிலும் யாராவது எழுதிக் கொடுத்துவிடுவார்கள். ஆலோசனையின் தரம் தெரியவருவது ஒருவரைப் பணியிலிருந்து நீக்கும்போதுதான். ஆகவே, போட்டியிடும் வழிகளை அந்தப் பணிநீக்கத்தை உரைகல்லாகக் கொண்டே இங்கு ஒப்பிடுகிறேன்.

பணி ஒப்பந்தத்துக்கு எந்த நாட்டுச் சட்டம் பொருந்தும் என்று இரு தரப்பும் எழுதிக் கையெழுத்திட்டிருந்தாலும், தொழிலாளி வழக்கமாக வேலை செய்யும் நாட்டின் கட்டாயப் பாதுகாப்புகளை அந்த ஒப்புதல் பறித்துவிட முடியாது என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் ரோம் 1 ஒழுங்குமுறை தன் 8-ஆவது பிரிவில் வெளிப்படையாகவே சொல்கிறது. அப்பாதுகாப்புகள் நாட்டுக்கு நாடு எவ்வளவு மாறுகின்றன என்பதற்குச் சில எடுத்துக்காட்டுகள் போதும். அமெரிக்காவில், மொண்டானா மாநிலம் நீங்கலாக, பாகுபாடு போன்ற தடைசெய்யப்பட்ட காரணம் இல்லாதவரை ஒருவரை எப்போது வேண்டுமானாலும் நீக்கலாம் என்பதே அடிப்படை விதி. நெதர்லாந்தில், தகுதிகாண் காலம், கடுங்குற்றம் போன்ற விலக்குகளைத் தவிர்த்தால், தொழிலாளி இசையாதபோது யுடபிள்யுவி என்னும் அரசு முகமையின் அனுமதியோ நீதிமன்றத்தின் தீர்ப்போ வேண்டும். ஜெர்மனியில் நீக்க அறிவிப்பு தாளில், கையால் இட்ட கையெழுத்துடன் தரப்பட வேண்டும். மின்னஞ்சலில் அனுப்பினால் செல்லாது. அங்கே நிறுவனத்தில் ஊழியர்கள் தேர்ந்தெடுத்த பணியாளர் குழு இருக்குமானால், அதன் கருத்தைக் கேட்காமல் செய்த நீக்கம், காரணம் எவ்வளவு வலுவானதாக இருந்தாலும், செல்லாது. பிரேசிலில் காரணம் காட்டாமலே நீக்கலாம். ஆனால் எஃப்ஜிடிஎஸ் எனப்படும் பணிக்கால வைப்பு நிதியில் அவருக்குச் சேர வேண்டிய தொகையின் 40 சதவீதத்தைக் கூடுதலாகச் செலுத்த வேண்டும்.

இவ்வேறுபாடுகளைப் பொருட்படுத்தாமல் ஒரு நாட்டின் பழக்கத்தை உலகம் முழுவதற்கும் அனுப்பினால் என்ன ஆகும் என்பதற்கு ட்விட்டர் நிறுவனத்தின் வழக்கு ஒன்று போதும். 2022 நவம்பரில், நிறுவனத்தை வாங்கிய சில வாரங்களில், எலான் மஸ்க் ஊழியர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பி, கடும் உழைப்புக்கு ஒப்புக்கொள்பவர்கள் மறுநாளுக்குள் 'ஆம்' என்று சொடுக்க வேண்டும் என்றும், சொடுக்காதவர்களுக்கு மூன்று மாத ஊதியம் தரப்படும் என்றும் அறிவித்தார். டப்ளின் அலுவலகத்தின் மூத்த ஊழியர் ஒருவர் சொடுக்கவில்லை; அதை ராஜினாமாவாக நிறுவனம் எடுத்துக்கொண்டது. சொடுக்காமல் இருப்பது ராஜினாமா ஆகாது, நடந்தது முறையற்ற பணிநீக்கமே என்று அயர்லாந்தின் பணியிட உறவுகள் ஆணையம் 2024 ஆகஸ்டில் முடிவுசெய்து, 5,50,131 யூரோ வழங்க உத்தரவிட்டது. அயர்லாந்தில் தொழிலாளர் வழக்கு நடத்தும் எந்த வழக்கறிஞரிடம் முன்கூட்டியே காட்டியிருந்தாலும், அந்த மின்னஞ்சல் அதே வடிவில் டப்ளினுக்குப் போயிருக்காது என்றே நினைக்கிறேன்.

இப்போது முதன்மையான இரு போட்டியாளர்களுக்கு வருவோம். முதலாவது, உலகளாவிய முழுச்சேவைச் சட்ட நிறுவனம். 1949-இல் சிகாகோவில் தொடங்கி இன்று 40-க்கும் மேற்பட்ட நாடுகளில் அலுவலகங்கள் கொண்டிருக்கும் பேக்கர் மெக்கன்சி இவ்வகைக்கு நன்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டு. டிஎல்ஏ பைப்பர், டென்டன்ஸ் ஆகியவையும் இதே வரிசையில் வருபவை. இவற்றின் உண்மையான வலிமை நிறுவனங்கள் கைமாறும் வேளையில் வெளிப்படுகிறது. ஒரு நிறுவனத்தை வாங்கும்போது, அதன் தொழிலாளர்கள் முப்பது நாடுகளில் இருந்தால், ஓய்வூதியக் கடப்பாடுகளையும், ஊழியர்கள் புதிய உரிமையாளரிடம் மாறும் விதிகளையும், பங்கு ஊக்கத் திட்டங்களையும், வரியையும் ஒரே கால அட்டவணையில் ஆராய வேண்டியிருக்கிறது. இதை ஒரே மேலாண்மையின் கீழ் இயங்கும் ஒரு குழு செய்து முடிப்பதுபோல், ஒருவரையொருவர் எப்போதாவது சந்திக்கும் முப்பது தனி நிறுவனங்களால் செய்துவிட முடியாது.

ஆனால் 'ஒரே நிறுவனம்' என்ற சொல்லைச் சற்று உற்றுப் பார்க்க வேண்டும். மேலே சொன்ன மூன்றும் சுவிஸ் வெரைன் என்னும் அமைப்பைக் கொண்டு வளர்ந்தவை. பெயரும் அடையாளமும் பொதுவானவை, உறுப்பு நிறுவனங்களோ சட்டப்படி தனித்தனியானவை. மேலும், எல்லா நாடுகளும் அயல் நிறுவனங்களைத் தம் சட்டத்தில் தொழில் செய்ய அனுமதிப்பதில்லை. சீனாவில் அயல் சட்ட நிறுவனத்தின் பிரதிநிதி அலுவலகம் சீனச் சட்டத்தில் தொழில் நடத்தக் கூடாது. இந்தியாவில் அயல் வழக்கறிஞர்கள், வழக்காடல் ஆனாலும் வழக்கல்லாத ஆலோசனை ஆனாலும், தொழில் செய்ய முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் கூறியது; 2023-இல் வழக்கறிஞர் தொழிலை ஒழுங்குபடுத்தும் பார் கவுன்சில் வெளியிட்ட விதிகள் அயல்நாட்டுச் சட்டத்துக்கும் பன்னாட்டுச் சட்டத்துக்கும் மட்டுமே வழி திறந்தன, உள்நாட்டுச் சட்டத்துக்கு அல்ல. ஆகவே, விளக்கக் கையேட்டின் உலக வரைபடத்தில் நிறம் பூசப்பட்டிருக்கும் நாடுகள் சிலவற்றில், உண்மையில் ஆலோசனை எழுதுபவர் வேறொரு உள்ளூர் நிறுவனத்தின் வழக்கறிஞராகவே இருப்பார்.

இரண்டாவது வழி, தொழிலாளர் சட்டத்தை மட்டுமே தொழிலாகக் கொண்ட உள்ளூர் நிறுவனங்களின் கூட்டணி. 2001-இல் உருவாகி பிரஸ்ஸல்ஸைத் தலைமையிடமாகக் கொண்ட இயுஸ் லபோரிஸ் இதில் முன்னணியில் இருப்பது. பிரிட்டனில் லூயிஸ் சில்கின், பெல்ஜியத்தில் கிளேஸ் அண்ட் எங்கெல்ஸ் என, ஒவ்வொரு நாட்டிலும் அத்துறையில் பெயர்பெற்ற ஒரு நிறுவனத்தைச் சேர்த்துக்கொள்வது அதன் முறை. எல் அண்ட் இ குளோபல், எம்ப்ளாய்மென்ட் லா அலையன்ஸ் ஆகியவையும் இவ்வகையைச் சேர்ந்தவை. இங்கே கிடைப்பது, அந்நாட்டின் தொழிலாளர் நீதிமன்றத்தில் தொடர்ந்து நின்று வாதிடும் ஆட்கள். முழுச்சேவை நிறுவனத்தில் தொழிலாளர் சட்டப் பிரிவு பல இடங்களில் நிறுவனக் கைமாற்றப் பணிக்குத் துணையாகவே வளர்ந்திருக்கிறது. இக்கூட்டணிகளில் அதுவே முழு வேலை. பணிநீக்கத்தை உரைகல்லாகக் கொண்டால், என் மதிப்பீட்டில் தராசு இந்தப் பக்கமே சாய்கிறது.

இரண்டும் நேருக்கு நேர் மோதும் இடம், உலகம் முழுவதற்கும் ஒரே பணி ஒப்பந்தம் வேண்டும் என்று தலைமையகம் கேட்கும்போது வருகிறது. வேலையை விட்டுச் செல்பவர் போட்டி நிறுவனத்தில் சேரக் கூடாது என்னும் ஒரே ஒரு நிபந்தனையை எடுத்துக்கொள்வோம். கலிபோர்னியாவில் அது செல்லாது. இந்தியாவில், பணி முடிந்த பிறகான காலத்துக்கு, 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவின்படி செல்லாது. ஜெர்மனியில் அது செல்ல வேண்டுமானால், தடைக்காலம் முழுவதும் அவர் கடைசியாகப் பெற்ற ஊதியத்தில் பாதியாவது கொடுக்க ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். சீனாவில் ஈட்டுத்தொகையும் வேண்டும், இரண்டு ஆண்டுக்கு மேல் நீளவும் கூடாது. பிரான்சில் சிக்கல் மொழியிலேயே தொடங்குகிறது: ஊக்கத்தொகைக்கான இலக்குகளை ஆங்கிலத்தில் மட்டும் கொடுத்திருந்தால், அவற்றை ஊழியருக்கு எதிராகப் பயன்படுத்த முடியாது என்று அந்நாட்டின் உச்ச நீதிமன்றமான கசேஷன் நீதிமன்றம் 2011-இல் தீர்ப்பளித்தது. வெளிநாட்டிலிருந்து வந்த ஆவணங்களுக்குச் சட்டம் விலக்கு அளிக்கிறது என்றாலும், அந்த விலக்கை எங்கே நம்பலாம், எங்கே நம்பக் கூடாது என்பது உள்ளூர்க்காரர் சொல்ல வேண்டிய செய்தி.

இத்தகைய பணியில் உலகளாவிய நிறுவனம் ஒரே வடிவத்தில், ஒரே மொழிநடையில், ஒப்பிட்டுப் படிக்கத்தக்க அறிக்கையைத் தரும். தலைமையகத்துக்கு அது பெரும் வசதி. கூட்டணியிடமிருந்து வருவது, ஒருவர் ஒரு பக்கத்திலும் மற்றவர் பன்னிரண்டு பக்கத்திலும் எழுதிய, ஒன்றோடொன்று பொருந்தாத குறிப்புகளாக இருக்கக்கூடும். உறுப்பினர்களில் ஒருவர் மந்தமாக இருந்தால் அவரை விரட்டி வேலை வாங்கும் அதிகாரம், வாடிக்கையாளரை அழைத்து வந்த உறுப்பினருக்குப் பெரும்பாலும் இருப்பதில்லை. கட்டணத்திலும் இதே வேறுபாடு உண்டு: முழுச்சேவை நிறுவனத்தில் ஒருங்கிணைப்புக்கென்று தனி மணிநேரங்கள் விலைப்பட்டியலில் ஏறும், கூட்டணியில் அவ்வேலையைப் பெரும்பாலும் வாடிக்கையாளரின் சொந்தச் சட்டப் பிரிவே தலையில் சுமக்கும்.

இவ்விரண்டுக்கும் இடைப்பட்டதாக, தொழிலாளர் சட்டத்தை மட்டுமே செய்யும் ஒரே நிறுவனம் பல நாடுகளுக்கு விரிவது இன்னொரு வகை. 1942-இல் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கி, முதலாளிகளின் தரப்பில் மட்டுமே வாதாடும் லிட்லர் இப்படித்தான் இலத்தீன் அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் சென்றது. அமெரிக்காவில் பெருவாரியான ஊழியர்களும் பிற நாடுகளில் சிலரும் கொண்ட நிறுவனத்துக்கு இது பொருந்தும்.

கணக்குத் தணிக்கையில் பெயர்பெற்ற நான்கு பெரும் நிறுவனங்களின் சட்டப் பிரிவுகளையும் விட்டுவிட முடியாது. ஊழியர்களை நாடு மாற்றி அனுப்பும்போது எழும் வரி, சமூகப் பாதுகாப்புக் கட்டணம், விசா, சம்பளப் பட்டியல் ஆகியவற்றை ஒரே கையில் முடித்துத் தருவதில் இவர்களுக்கு நிகரில்லை. இரண்டு தடைகள் உள்ளன. அமெரிக்க மாநிலங்களில் பெரும்பாலானவை வழக்கறிஞரல்லாதவர் சட்ட நிறுவனத்தை உடைமையாகக் கொள்வதை அனுமதிப்பதில்லை. அரிசோனா விதிவிலக்கு, அங்கே அந்நான்கில் ஒன்றான கேபிஎம்ஜி 2025-இல் உரிமம் பெற்றது. அதைவிட முக்கியமானது, அமெரிக்கப் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனம் தன் தணிக்கையாளரிடமிருந்து சட்டச் சேவை பெறுவதை 2002-ஆம் ஆண்டின் சார்பேன்ஸ்–ஆக்ஸ்லி சட்டம் தடைசெய்கிறது. யார் நம் தணிக்கையாளர் என்பதைப் பார்க்காமலே இவர்களோடு பேச்சு நடத்தும் மனிதவளப் பிரிவுகள் இன்னும் இருக்கின்றன.

சட்ட ஆலோசனைக்கே மாற்றாக விற்கப்படுவது எம்ப்ளாயர் ஆஃப் ரெக்கார்ட் என்னும் ஏற்பாடு. அந்நாட்டில் ஏற்கெனவே பதிவு பெற்ற ஒரு சேவை நிறுவனம் தன் பெயரில் ஆளை வேலைக்கு எடுத்து, சம்பளமும் வரியும் கட்டி, அவருடைய உழைப்பை நமக்கு அளிக்கிறது. டீல், ரிமோட் போன்ற நிறுவனங்கள் இதைப் பரவலாக்கின. ஒரு நாட்டில் இரண்டு மூன்று பேரை மட்டும் வைத்துச் சந்தையைச் சோதிக்க நினைப்பவருக்கு, தனி நிறுவனம் பதிவுசெய்வதைவிட இது விரைவானது, சிக்கனமானது என்பதில் ஐயமில்லை. ஆனால் அன்றாட வேலையை ஏவுபவர் நாமாக இருக்க, முதலாளி என்ற பெயர் மட்டும் வேறிடத்தில் இருப்பதை எல்லாச் சட்டங்களும் ஒரே கண்ணால் பார்ப்பதில்லை. ஜெர்மனியில் இது தொழிலாளர் வாடகைச் சட்டத்துக்குள் வரக்கூடும்: சேவை நிறுவனத்துக்கு உரிமம் வேண்டும், ஒரே தொழிலாளியை ஒரே இடத்துக்கு அளிப்பதற்குப் பொதுவாக 18 மாத வரம்பும் உண்டு, மீறினால், உழைப்பைப் பெற்ற நிறுவனமே முதலாளியாகக் கருதப்படலாம். அத்துடன், பணிநீக்கம் என்று வரும்போது சேவை நிறுவனத்தின் வழக்கறிஞர் காப்பது முதலில் சேவை நிறுவனத்தைத்தான். அந்நாட்டில் பத்துப் பதினைந்து பேரைத் தாண்டியபின்னும் இவ்வேற்பாட்டிலேயே தங்கியிருப்பது, சிக்கனம் என்ற பெயரில் இடரை வளர்ப்பதாகவே எனக்குப் படுகிறது.

நிறுவனத்துக்குள்ளேயே இருக்கும் சட்ட ஆலோசகரை இவற்றின் போட்டியாளராகக் கருதுவது சரியன்று. இவற்றில் எதைத் தேர்ந்தாலும் அவர் வேண்டும். ஒரே ஒரு எல்லையை மட்டும் நினைவில் கொள்ள வேண்டும். ஐரோப்பிய ஆணையத்தின் போட்டிச் சட்ட விசாரணைகளில், உள் ஆலோசகரோடு நடக்கும் கடிதத் தொடர்புக்கு வழக்கறிஞர்–வாடிக்கையாளர் இரகசியப் பாதுகாப்பு கிடையாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் அக்ஸோ நோபல் வழக்கில் 2010-இல் உறுதிசெய்தது. தொழிலாளர் சட்டத்தோடு இதற்கு என்ன தொடர்பு என்று கேட்கலாம். ஒருவர் ஊழியரை மற்றவர் இழுக்கக் கூடாது என்று நிறுவனங்கள் தமக்குள் செய்துகொள்ளும் உடன்பாடு போட்டிச் சட்ட மீறல். அத்தகைய உடன்பாட்டையும் உள்ளடக்கிய நடத்தைக்காகவே 2025 ஜூனில் உணவு விநியோக நிறுவனங்களான டெலிவரி ஹீரோ, குளோவோ ஆகிய இரண்டுக்கும் சேர்த்து 32.9 கோடி யூரோ அபராதம் விதிக்கப்பட்டது. இவ்வகைக் கேள்விகளையேனும் தொடக்கத்திலேயே வெளி வழக்கறிஞரிடம் கொண்டுபோக வேண்டும்.

தேர்வு எப்படி அமைய வேண்டும் என்று கேட்டால், ஊழியர்கள் எப்படிப் பரவியிருக்கிறார்கள் என்பதைக் கொண்டே சொல்ல முடியும். ஐந்து முதல் பதினைந்து நாடுகளில், ஒவ்வொன்றிலும் கணிசமான ஊழியர்களோடு இயங்கும் நிறுவனத்துக்கு, ஒரு கூட்டணியும் அதை இழுத்துப் பிடிக்கும் திறமையான உள் ஆலோசகர் ஒருவரும் போதும். ஒரு நிறுவனத்தை வாங்கும் ஆண்டில் மட்டும் அந்தப் பணிக்கென உலகளாவிய நிறுவனத்தை அமர்த்திக்கொள்ளலாம். நாற்பது நாடுகளைத் தாண்டி, ஆண்டுதோறும் எதையாவது வாங்கியும் விற்றும் வருகிற நிறுவனத்துக்கு வரிசை தலைகீழாகும். இரண்டே நாடுகளில் இயங்குபவருக்கு இரண்டுமே வேண்டாம். அங்கங்கே நல்ல வழக்கறிஞர் ஒருவரை நேரடியாகத் தேடிக்கொள்வதே மேல்.

எதைத் தேர்ந்தாலும், வழக்கறிஞரை அமர்த்தும்போது அவர் தரும் பணி ஒப்புகைக் கடிதத்தில் மூன்று செய்திகளை எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும்: அந்நாட்டுச் சட்டத்தைப் பற்றிய ஆலோசனையில் கையெழுத்திடுபவர் யார், அவர் அந்நாட்டில் உரிமம் பெற்று வழக்கு நடத்துபவரா, ஆலோசனை தவறினால் ஈடு செய்யும் பொறுப்பு எந்தச் சட்டபூர்வ நிறுவனத்தைச் சேரும். வெரைன் அமைப்பிலும் சரி, கூட்டணியிலும் சரி, ஓர் உறுப்பினரின் பிழைக்கு மற்றோர் உறுப்பினர் பொதுவாகப் பொறுப்பேற்பதில்லை. கடிதத்தில் தலைமை நிறுவனத்தின் பெயர் மட்டும் இருந்து, பிழை நேர்ந்தது வேறொரு நாட்டின் உறுப்பினரிடம் என்றால், யாரிடம் ஈடு கேட்பது என்ற கேள்வியே தனி வழக்காகிவிடும்.