ஐ5-8250யூ மடிக்கணினியில் மூன்று ஆண்டு: ஷெட்யூலர் கேட்கும் வேகமும் கைக்குக் கிடைக்கும் வேகமும்

இடம் மலேசியாவின் சுங்கை சிப்புட், தகரக் கூரை போட்ட ஒரு டியூஷன் அறை. அலுவலகங்கள் கழித்துவிட்ட ஆறு மடிக்கணினிகள், எல்லாவற்றிலும் இன்டெல் ஐ5-8250யூ: 4 கோர், 8 திரெட், அடிப்படை வேகம் 1.6 கிகாஹெர்ட்ஸ், தேவைப்படும்போது ஏறும் டர்போ வேகம் 3.4, மின்வரம்பு 15 வாட். ஓடுவது லினக்ஸ். மூன்று ஆண்டுப் புழக்கத்துக்குப் பிறகு முதலில் சொல்ல வேண்டியது இதுதான்: கணினி மெதுவாக இருக்கிறது என்று கவர்னரை (பிராசசர் வேகத்தை எப்படி ஏற்றி இறக்குவது என்று தீர்மானிக்கும் லினக்ஸ் அமைப்பை) மாற்றி மாற்றிப் பார்ப்பது பெரும்பாலும் வீண்வேலை.

குழப்பம் பெயரிலேயே தொடங்குகிறது. பிராசசர் வேகத்தைக் கையாளும் இன்டெல் பி-ஸ்டேட் டிரைவர் ஆக்டிவ் நிலையில் இருந்தால் பெர்ஃபார்மன்ஸ், பவர்சேவ் என இரண்டே கவர்னர்கள். பவர்சேவ் என்று பார்த்ததும் பதறி மாற்றிவிடுகிறார்கள். பழைய ஏசிபிஐ டிரைவரில் அந்தப் பதற்றம் நியாயம். அங்கே பவர்சேவ் என்றால் அடிமட்ட வேகத்திலேயே கட்டிப்போடும். இங்கே அப்படியில்லை, வேலைக்கு ஏற்ப ஏறும், இறங்கும். அதுவும் இன்டெலின் ஆறாம் தலைமுறைச் சிப் முதல் நொடிக்கு நொடி வேகத்தை முடிவுசெய்வது லினக்ஸின் மையமான கெர்னல்கூட இல்லை, சிப்பேதான். நம் கையில் இருப்பது மேல் கீழ் வரம்புகளும், ஈபிபி என்ற ஓர் எண்ணும். 0 என்றால் வேகம் பக்கம், 255 என்றால் சிக்கனம் பக்கம். பேலன்ஸ்-பெர்ஃபார்மன்ஸ் 128, பேலன்ஸ்-பவர் 192.

இந்த எண்தான் பேட்டரியில் வித்தியாசம் காட்டியது. கரண்டு இருக்கும்போது 128, பேட்டரியில் 192 என்று டிஎல்பி என்ற மின்சிக்கன மென்பொருளின் அமைப்புக் கோப்பில் எழுதிவைத்தால் போதும். ஒரு கண்ணி உண்டு: கவர்னரைப் பெர்ஃபார்மன்ஸில் வைத்துவிட்டு ஈபிபியை மாற்றப் போனால் ‘சாதனம் வேலையாக இருக்கிறது’ என்று பிழை வரும். அந்தக் கவர்னர் ஈபிபியை 0-இல் பூட்டிவிடுவதே காரணம். பவர்சேவுக்குத் திரும்பினால் எழுதவிடும். இன்னொன்று, டிஎல்பியையும், அதே வேலையைச் செய்யும் பவர்-புரொஃபைல்ஸ்-டீமனையும் ஒன்றாக ஓடவிடாதீர்கள். ஒன்று எழுதியதை மற்றொன்று அழிக்கும், நேற்று வைத்த எண் இன்று இருக்காது.

ஷெட்யூட்டில் கவர்னரையும் இதே கணினிகளில் சில மாதம் ஓட்டியாயிற்று. 2016-இல் கெர்னல் 4.7-உடன் வந்தது. பி-ஸ்டேட் டிரைவரைப் பாசிவ் நிலைக்கு மாற்றினால்தான் பட்டியலில் தெரியும். எந்த வேலை எந்தக் கோரில் எப்போது ஓடும் என்று பங்கிடும் கெர்னல் பகுதியான ஷெட்யூலர், தன் கணக்கையே வேகத்துக்கும் பயன்படுத்துகிறது என்பதுதான் இதன் அழகு. ஒவ்வொரு கோரும் எவ்வளவு வேலை சுமக்கிறது என்பதை 1024-க்கு இத்தனை என்று அது ஏற்கெனவே வைத்திருக்கும். அந்தப் பங்கை உச்ச வேகத்தால் பெருக்கி, மேலே கால்பங்கு சேர்த்துக் கேட்கும். சுமை 400 என்றால் 3400 × 400 ÷ 1024 × 1.25, ஏறக்குறைய 1660 மெகாஹெர்ட்ஸ். சுமை 80 விழுக்காட்டைத் தொட்டாலே உச்ச வேகம் கேட்டுவிடும்.

தாமதமும் அந்தக் கணக்கிலேயே இருக்கிறது. சுமைக் கணக்கின் அரை ஆயுள் (பழைய சுமையின் எடை பாதியாகும் நேரம்) 32 மில்லிவினாடி. சும்மா கிடந்த ஒரு வேலை திடீரென முழுமூச்சாக ஓடினால், உச்ச வேகத்திலேயே ஓடினாலும் 80 விழுக்காட்டை எட்ட 74 மில்லிவினாடி ஆகும். மெதுவான வேகத்திலிருந்து கிளம்பினால் இன்னும் கூடும். பிரௌசரில் புதுப் பக்கம் திறக்கும்போது தெரியும் அந்த மெல்லிய இழுவைக்கு இது ஒரு காரணம். இந்தச் சிப்பில் ஆக்டிவ் நிலையே கைக்குச் சரியாக இருந்தது. பெரிய கோரும் சிறிய கோரும் கலந்த கைப்பேசிச் சிப் என்றால் தீர்ப்பு வேறு. அங்கே எந்தக் கோரில் ஓடினால் மின்செலவு குறைவு என்று கணிக்கும் ஈஏஎஸ், ஷெட்யூட்டிலை நம்பித்தான் நிற்கிறது.

எந்தக் கவர்னராக இருந்தாலும் அது கேட்பது விண்ணப்பம்தான். மதியம் வெளியே 33, 34 டிகிரி, மேலே தகரம், செம்மண் சாலைப் புழுதி விசிறித் துடுப்பில் கம்பளம் மாதிரி படிந்திருக்கும். அந்த நேரத்தில் விண்ணப்பம் தள்ளுபடி. மின்செலவு மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கும் வேகத்துக்கும் ஏற்ப ஏறுவதால் டர்போவின் கடைசிப் படிகள்தான் சூட்டைக் கொட்டுகின்றன. பகல் வகுப்புக்கு டர்போவை அணைத்தபோது விசிறிச் சத்தம் அடங்கியது. எழுத்து வேலையிலும் வீடியோ பார்ப்பதிலும் பிள்ளைகள் யாரும் வித்தியாசம் சொல்லவில்லை. விண்டோஸில் இதையே செய்ய, பவர் அமைப்பில் உச்ச பிராசசர் நிலையை 99 விழுக்காடாக வையுங்கள், டர்போ நின்றுவிடும்.

வீடியோ பற்றி ஒரு வார்த்தை. இந்தச் சிப்பின் யுஎச்டி 620 கிராஃபிக்ஸ், எச்.264, எச்இவிசி, விபி9 என்ற வீடியோ வடிவங்கள் மூன்றையும் வன்பொருளிலேயே பிரிக்கும்; ஏவி1-ஐப் பிரிக்காது. யூடியூப் ஏவி1 அனுப்பினால் அத்தனை பாரமும் கோர்கள் தலையில். பிரௌசரில் ஏவி1-ஐ முடக்கியது, மூன்று ஆண்டில் செய்த எல்லாக் கவர்னர் மாற்றங்களையும்விடப் பேட்டரிக்கு நல்லது செய்தது.

மிக மோசமாக ஏமாற்றிய பழுது சார்ஜர். ஒரு கணினி 400 மெகாஹெர்ட்ஸிலேயே நின்றது. சூடு இல்லை, கவர்னர் சரி, வரம்பும் 3400 என்றே காட்டியது. கடையில் “பிராசசர் போயிடுச்சு அண்ணே” என்றார்கள். போகவில்லை. பிளக்கின் நடுவே இருக்கும் மெல்லிய ஊசிதான் சார்ஜர் எத்தனை வாட் என்று போர்டுக்குச் சொல்கிறது, அது வளைந்திருந்தது. சார்ஜரை அடையாளம் தெரியாத போர்டு, அவசர வேகத்தடைக்கான பிராக்ஹாட் கம்பியை இழுத்துப் பிராசசரை அடிமட்ட வேகத்தில் பூட்டிவிடும். இயங்குதளத்துக்கு இதில் வாயே இல்லை. சோதிப்பது எளிது: சார்ஜரைக் கழற்றுங்கள். பேட்டரியில் வேகம் திரும்பினால் குற்றவாளி சார்ஜர். அந்தப் பூட்டை மென்பொருளால் உடைக்க பிராசசருக்குள் இருக்கும் 1எஃப்சி ரெஜிஸ்டரின் முதல் பிட்டை (பிட் 0) அணைக்கும் வழி உண்டு. ஆனால் பவர் சர்க்யூட் நிஜமாகவே சுட்டால் காப்பாற்றுவதும் அதே கம்பிதான். புது சார்ஜர் வாங்குவது மேல்.

இதே ரகத்தில் பழைய கணினி வாங்கப் போகிறவர்கள் கடையிலேயே சார்ஜரைச் செருகி, ஒரு லைவ் யூஎஸ்பியில் பிராசசருக்கு முழுச்சுமை கொடுக்கும் ஸ்ட்ரெஸ்-என்ஜியை எட்டுத் திரெட்டுக்கும் பத்து நிமிடம் ஓட்டுங்கள். பக்கத்து ஜன்னலில் வேகம், வாட், சூடு காட்டும் டர்போஸ்டாட். முதல் சில வினாடி வேகம் உயரே இருந்து பிறகு 15 வாட்டுக்கு இறங்கி நிலைத்தால் இயல்பு. அடிப்படையான 1.6-க்கும் கீழே போய், வாட்டும் 15-க்கு வெகுவாகக் குறைந்து, சூடு மட்டும் உச்சத்தில் நின்றால் ஹீட்சிங்க் பசை காய்ந்திருக்கிறது அல்லது விசிறி அடைத்திருக்கிறது. சூடும் இல்லாமல் வேகமும் இல்லாமல் இருந்தால் சார்ஜரை மாற்றிக் கேளுங்கள், காசு கொடுப்பதற்கு முன்னால்.